எதில் தேடுவது? ஆய்வுத் தேடுகருவிகளைத் தேர்ந்தெடுத்த வழக்கத்தின் வரலாறு

ஓர் ஆய்வைத் தொடங்குகிறவர் முதலில் அறிய வேண்டியது, அதே பொருளைப் பற்றி முன்பு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது. அதை அறிய உதவும் அச்சு அடைவுகள், அட்டைப் பெட்டிகள், தரவுத்தளங்கள், தேடுபொறிகள் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ ஒன்றேமுக்கால் நூற்றாண்டுத் தொடர் வரலாறு உண்டு. கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. எந்தத் தேவைக்கு எந்தக் கருவி என்று தீர்மானிக்கும் வழக்கமும் அவற்றோடு சேர்ந்து வளர்ந்தது. எல்லாவற்றையும் தொகுத்த கருவி என்று எக்காலத்திலும் ஒன்று இருந்ததில்லை. யாரோ சிலர், ஏதோ ஒரு நோக்கத்துக்காக, சிலவற்றைச் சேர்த்துச் சிலவற்றை விட்டு ஆக்கியவையே எல்லாம். விடுபட்டது எது என்று அறிந்து தேடுவதே நல்ல தேடலின் அடிப்படை என்பதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

அச்சு அடைவுகளின் காலம்

19ஆம் நூற்றாண்டில் இதழ்கள் பெருகியபோது நூலகப் பட்டியல்கள் திணறின. பட்டியலில் இதழின் பெயர் இருக்கும்; இதழுக்குள் இருக்கும் கட்டுரைகளின் தலைப்பு இராது. யேல் கல்லூரியில் மாணவராக இருந்த வில்லியம் ஃபிரெடரிக் பூல் இந்தக் குறையைப் போக்க, கட்டுரைகளைப் பொருள்வாரியாக அடுக்கி ஓர் அடைவு தயாரித்தார். 1848இல் சிறு நூலாக அச்சான அது, 1882இல் பல நூலகங்களின் கூட்டுழைப்பால் பெருநூலாக விரிந்தது.

துறைவாரி அடைவுகள் அடுத்து வந்தன. அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவர் அலுவலக நூலகத்தை வளர்த்த ஜான் ஷா பில்லிங்ஸ், உலகெங்கும் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் மாத வெளியீட்டை 1879இல் தொடங்கினார். இயற்பியலுக்கும் மின்பொறியியலுக்கும் லண்டனில் 1898இல் ‘சயன்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ தோன்றியது. அமெரிக்க வேதியியல் கழகம் 1907இல் ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ வெளியிடத் தொடங்கியது. ஜெர்மனியில் 1830இலேயே தொடங்கிய ஒரு சுருக்க இதழ் ‘கெமிஷஸ் ட்சென்ட்ரால்பிளாட்’ என்ற பெயரில் நிலைபெற்றிருந்தது. கவனமாக வேலை செய்ய விரும்பிய வேதியியலாளர் இரண்டையும் புரட்ட வேண்டியிருந்தது.

இப்படித் துறைக்கொன்றாக அடைவுகள் பெருகியதும் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. எந்த அடைவை எதற்குப் பார்ப்பது? இதற்கு விடையாக எழுந்ததுதான் ‘நோக்கு நூல்களுக்கான வழிகாட்டி’ என்னும் நூல்வகை. பிலடெல்பியாவின் டிரெக்செல் நிறுவனத்தில் நூலகவியல் கற்பித்த ஆலிஸ் பெர்த்தா குரோகர் 1902இல் அப்படியொரு வழிகாட்டியை எழுதினார். அவருக்குப் பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இசடோர் மட்ஜும், அவரைத் தொடர்ந்து கான்ஸ்டன்ஸ் வின்செல்லும் அதைப் பதிப்புக்குப் பதிப்பு விரித்தார்கள். ஒவ்வொரு நோக்கு நூலும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை உள்ளவற்றைத் தொகுத்தது, எந்த மொழிகளை உள்ளடக்கியது, எவற்றை விட்டது என்ற குறிப்புகள் அதில் இருந்தன. தேடுகருவியைத் தேர்வதற்கான முறை அங்கே பாடமாக எழுதப்பட்டது.

பிரசல்ஸும் சென்னையும்

அடைவுகளையெல்லாம் ஒன்றாக்கிவிட முடியும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். பெல்ஜியத்தின் பால் ஒட்லேயும் ஆன்றி லா ஃபோந்தேனும் 1895இல் பிரசல்ஸ் நகரில் பன்னாட்டு நூற்பட்டியல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உலகில் அச்சான ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி, எண்முறைப் பகுப்பின்படி இழுப்பறைகளில் அடுக்குவது அவர்களுடைய திட்டம். அட்டைகள் ஒரு கோடியைத் தாண்டின. அஞ்சலில் கேள்வி அனுப்பினால், கட்டணம் பெற்றுக்கொண்டு, பொருத்தமான அட்டைகளைப் படியெடுத்து அனுப்பும் சேவையும் நடந்தது. அரசின் ஆதரவு நின்றதும் 1934இல் அந்த நிலையம் மூடப்பட்டது. அறிவு பெருகும் வேகத்துக்கு ஒரே இடத்துத் தொகுப்பு ஈடுகொடுக்க இயலாது என்பதற்கு அதன் முடிவு சான்றாயிற்று. தொலைவிலிருந்து கேள்வி அனுப்பிப் பதில் பெறலாம் என்ற எண்ணம் மட்டும் அழியவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். கணித ஆசிரியராக இருந்தவர் அவர். 1931இல் வெளிவந்த ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ நூலில், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை நான்காம் விதியாக வைத்தார். 1933இல் அவருடைய கோலன் பகுப்புமுறை வெளியானது. ஒரு நூலை ஒரே தலைப்பின்கீழ் அடைக்காமல், அது எதைப் பற்றியது, எந்தச் செயலைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் எனப் பல முகங்களாகப் பிரித்துக் குறிப்பது அதன் அடிப்படை. தரவுத்தளங்களில் ஆண்டு, மொழி, ஆசிரியர், பொருள் என்று தனித்தனியாக வடிகட்டும் வசதி இன்று எங்கும் உண்டு. அந்தச் சிந்தனையின் முன்னோடிகளில் முதன்மையானவர் ரங்கநாதன். வாசகருக்கும் நூலுக்கும் இடையே நின்று தேடலுக்கு உதவும் நோக்குதவிப் பணியை நூலகரின் தலையாய கடமையாக அவர் கருதினார்.

அளந்து பார்த்த சோதனை

எந்த முறை சிறந்தது என்ற வாதம் 1950களில் சூடுபிடித்தது. எண்முறைப் பகுப்பு, அகரவரிசைப் பொருள் தலைப்பு, ரங்கநாதன் வழியிலான முகப்பகுப்பு, ‘யூனிடெர்ம்’ எனப்பட்ட தனிச்சொல் அடைவு ஆகிய நான்குக்கும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரி நூலகர் சிரில் கிளெவர்டன், வாதத்தை விட்டுச் சோதனையில் இறங்கினார். 18,000 ஆவணங்கள் நான்கு முறைகளிலும் அடைவு செய்யப்பட்டன. 1,200 கேள்விகள் கொண்டு தேடப்பட்டன. நான்குக்கும் இடையே வேறுபாடு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தது. மனித அறிவு முழுவதையும் முறைப்படுத்தியதாக எண்ணப்பட்ட பகுப்புகளுக்கு இணையாக எளிய தனிச்சொல் அடைவும் செயல்பட்டது பலருக்கு அதிர்ச்சி தந்தது.

அந்தச் சோதனைகள் தந்த நிலையான கொடை இரண்டு அளவுகோல்கள். வரவேண்டியவற்றில் எத்தனை வந்தன என்பது ஒன்று. வந்தவற்றில் எத்தனை வேண்டியவை என்பது மற்றொன்று. முதலாவதைக் கூட்ட முயன்றால் இரண்டாவது பெரும்பாலும் குறையும். வலையை அகல விரித்தால் வேண்டாததும் சேர்ந்து வரும். எனவே தேர்வு என்பது தேவையைப் பொறுத்தது. புதிய மருந்துக்கு உரிமம் கேட்கிறவருக்கு ஒன்றுகூட விடுபடக் கூடாது. ஒரு தேதியைச் சரிபார்க்கிறவருக்கு நம்பத்தக்க ஒரு பதில் போதும். இருவருக்கும் ஒரே கருவி பொருந்தாது.

தொலைபேசிக் கம்பிவழித் தேடல்

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1964இல் ‘மெட்லார்ஸ்’ என்னும் கணினி அமைப்பை இயக்கத் தொடங்கியது. கேள்வியைப் படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்ற தேடுநர் அதைக் கணினிக்கு ஏற்ற வடிவில் மாற்றுவார். பதில் வர வாரங்கள் ஆகும். 1971இல் அதன் நேரடி வடிவமான ‘மெட்லைன்’ வந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கேட்டால் அப்போதே பதில் கிடைத்தது.

அதே காலத்தில் லாக்ஹீட் நிறுவனத்தில் ரோஜர் சமிட் உருவாக்கிய ‘டயலாக்’ அமைப்பு, நாசாவுக்கான முன்மாதிரியில் தொடங்கி, 1972இல் வணிகச் சேவையானது. கல்வி, பொறியியல், வேதியியல், வணிகம் எனப் பல துறைகளின் தரவுத்தளங்கள் அதில் சேர்ந்தன. சட்டத்துக்கு 1973இல் ‘லெக்சிஸ்’ வந்தது. அது வழக்குத் தீர்ப்புகளின் முழு உரையையே தேட வைத்தது.

ஆய்வாளர் தாமே இவற்றைப் பயன்படுத்துவது அரிது. இணைந்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம், ஒவ்வோர் அமைப்புக்கும் தனிக் கட்டளை மொழி, நொடிக்கு 30 எழுத்து மட்டுமே கடத்தும் இணைப்பு ஆகியவை அவரைத் தள்ளி நிறுத்தின. ஆகவே தேடுதலைத் தொழிலாகக் கொண்ட நூலகர்கள் உருவானார்கள். ஆய்வாளரோடு உட்கார்ந்து, அவர் கேட்பது என்ன, உண்மையில் அவருக்கு வேண்டியது என்ன என்று விசாரிப்பார்கள். ஒரே பொருளைச் சுட்டும் சொற்களைத் தாளில் எழுதி, ஜார்ஜ் பூல் வகுத்த தருக்கத்தின்படி ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’, ‘இது வேண்டாம்’ என்று கோர்ப்பார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தொலைபேசியைச் சுழற்றுவார்கள்.

அதற்கும் முந்தைய படி, எந்தத் தரவுத்தளத்தில் நுழைவது என்ற தேர்வு. டயலாக் நிறுவனம் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் நீலத்தாளில் ஒரு குறிப்பேடு வெளியிட்டது. உள்ளடக்கம், தொடக்க ஆண்டு, புதுப்பிக்கும் கால இடைவெளி, தேடக்கூடிய புலங்கள் எல்லாம் அதில் இருந்தன. நூலகர்களின் மேசையில் அந்தத் தாள்கள் கோப்பாகத் தைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு சொல் எந்தத் தரவுத்தளத்தில் எத்தனை முறை வருகிறது என்று மட்டும் சொல்லும் ‘டயலிண்டெக்ஸ்’ என்ற வசதியும் அதே அமைப்பில் இருந்தது. எங்கே தேடலாம் என்று தேடுவதற்கென்றே ஒரு கருவி அது.

முழு உரையைத் தேட முடிந்ததால் எல்லாம் அகப்படும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் பரவியது. 1985இல் டேவிட் பிளேரும் எம்.இ. மாரனும் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள் ஐபிஎம் நிறுவனத்தின் ‘ஸ்டேர்ஸ்’ அமைப்பில் ஏற்றப்பட்டிருந்தன. தங்களுக்கு வேண்டிய ஆவணங்களில் முக்கால் பங்காவது கிடைத்துவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பினார்கள். அளந்து பார்த்தபோது கிடைத்திருந்தது சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான். வழக்கறிஞர்கள் ‘விபத்து’ என்று தேடினார்கள். அதில் நேரடியாகத் தொடர்புடையவர்கள் எழுதியவற்றிலோ அது ‘நிகழ்வு’, ‘நிலைமை’, ‘சிக்கல்’ என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. வராதது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வந்ததே முழுமை என்று தோன்றும். தேடல் வரலாற்றின் மிக முக்கியமான பாடங்களில் இது ஒன்று.

சொல்லைச் சாராமல் தேடும் மாற்றுவழி ஒன்றை யூஜீன் கார்ஃபீல்டு முன்வைத்திருந்தார். ஒரு கட்டுரையைப் பின்னாளில் எந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்று தொகுத்தால், தலைப்பில் ஒற்றுமை இல்லாத தொடர்புகளும் வெளிப்படும் என்று 1955இல் அவர் எழுதினார். பிலடெல்பியாவில் அவர் நிறுவிய அமைப்பு 1960களில் வெளியிட்ட ‘சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ அந்த எண்ணத்தைக் கருவியாக்கியது.

வலையின் முதல் பத்தாண்டு

இணையத்தில் கோப்புகள் பெருகியபோது அவற்றைத் தேட எழுந்த முதல் கருவி ‘ஆர்ச்சி’. 1990இல் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் அதை எழுதினார். அது கோப்புகளின் பெயரை மட்டுமே தேடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1991இல் பிறந்த ‘கோஃபர்’ அமைப்பின் பட்டியல்களைத் தேட 1992இல் ‘வெரோனிகா’ வந்தது.

உலகளாவிய வலை பரவியபின் இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, மனிதர் படித்துப் பார்த்து வகைப்படுத்தும் அடைவு. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் 1994இல் தொகுக்கத் தொடங்கிய பட்டியல் ‘யாகூ’ ஆனது. மற்றொன்று, நிரல்கள் வலைப்பக்கங்களைத் தாமே சேகரித்துச் சொல் சொல்லாக அடைவாக்கும் தேடுபொறி. 1993 இறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் வந்த ‘ஜம்ப்ஸ்டேஷன்’ தலைப்புகளைத் தொகுத்தது. 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் எழுதிய ‘வெப்கிராலர்’ பக்கங்களின் முழு உரையைத் தொகுத்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ‘ஆல்டாவிஸ்டா’ 1995 டிசம்பர் 15 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் வேகமும், நுட்பமான கட்டளைகளும் ஆய்வாளர்களைக் கவர்ந்தன.

1990களின் பிற்பகுதியில் தேர்ந்தெடுப்பது ஒரு கலையாகவே இருந்தது. பரந்த பொருளுக்கு யாகூ. அரிய சொற்றொடருக்கு ஆல்டாவிஸ்டா. முடிவுகளைத் தலைப்புவாரியாகக் கோப்புகளாய்ப் பிரித்துக் காட்டுவதற்கு 1997இல் வந்த ‘நார்தர்ன் லைட்’. பல பொறிகளை ஒரே நேரத்தில் கேட்பதற்கு ‘மெட்டாகிராலர்’. நூலகர்கள் தேடுபொறிகளின் வசதிகளை அட்டவணையாக்கி வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் ‘லைப்ரரியன்ஸ் இண்டெக்ஸ்’, ‘இன்ஃபோமைன்’ போன்ற தொகுப்புகள், படித்துப் பார்த்து நல்லவை எனக் கண்ட தளங்களை மட்டும் குறிப்புரையோடு பட்டியலிட்டன. குரோகரின் வழிகாட்டி செய்த வேலையை இவை வலைக்குச் செய்தன.

ஒரே பொறியை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அளவு சார்ந்த சான்றும் வந்தது. பிரின்ஸ்டனில் என்இசி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் லாரன்ஸும் லீ கைல்ஸும் 1998இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அடைவு செய்யக்கூடிய வலைப்பக்கங்கள் குறைந்தது 32 கோடி என்றும், எந்தப் பொறியும் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொகுக்கவில்லை என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். மறு ஆண்டு ‘நேச்சர்’ இதழில் பக்கங்களின் எண்ணிக்கை 80 கோடியாயிற்று. மிகப் பெரிய பொறியின் பங்கு 16 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. இதற்கு வெளியே, கடவுச்சொல்லுக்குப் பின்னும் தரவுத்தளங்களின் தேடல் பெட்டிக்குப் பின்னும் இருந்தவற்றை எந்தப் பொறியும் எட்டவில்லை. கிறிஸ் ஷெர்மனும் கேரி பிரைஸும் 2001இல் வெளியிட்ட நூல் அந்தப் பகுதியைக் ‘கண்ணுக்குத் தெரியாத வலை’ என்று அழைத்து, அதற்குள் நுழையும் வழிகளைத் தொகுத்துத் தந்தது.

பால்டிமோரில் நடந்தது

தேர்வு தவறினால் உயிரே போகலாம் என்பதை அதே 2001ஆம் ஆண்டு காட்டியது. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வில், ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் பழைய மருந்தை மூச்சுவழி உள்ளிழுத்த 24 வயதான ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் நுரையீரல் பாதிப்பால் ஜூன் மாதம் இறந்தார். ஆய்வுக்கு முன்பு தேடல் நடக்காமல் இல்லை; பாடநூல்களும் பப்மெட்டும் பார்க்கப்பட்டிருந்தன. மெட்லைன் தரவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் தரும் வாயிலாக 1997இல் முறையாக அறிவிக்கப்பட்ட பப்மெட், அந்தத் தேடலில் 1966 முதலான கட்டுரைகளையே காட்டியது. அந்த மருந்தால் நுரையீரல் கெடுவதைப் பற்றிய எச்சரிக்கைகள் 1950களின் கட்டுரைகளில் இருந்தன. அக்காலத்துக் கட்டுரைகளுக்கு அடைவு, நூலக அலமாரியில் இருந்த அச்சுத் தொகுதிகள். பின்னர் 1940கள் வரையிலான பழைய பதிவுகள் படிப்படியாக அந்தத் தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டன.

மருத்துவத்தில் கடுமையான தேடல் ஒழுங்கு இதற்கு முன்பே உருவாகத் தொடங்கியிருந்தது. 1993இல் தோன்றிய காக்ரன் கூட்டமைப்பு, ஒரு சிகிச்சை பற்றிய எல்லாச் சோதனைகளையும் திரட்டி மதிப்பிடும் முறையை வகுத்தது. மெட்லைனை மட்டும் தேடினால் தொடர்புடைய சோதனைகளில் சராசரியாகப் பாதியளவே கிடைக்கிறது என்று கே டிக்கர்சினும் பிறரும் 1994இல் காட்டினார்கள். எனவே ஐரோப்பிய இதழ்கள் மிகுந்த ‘எம்பேஸ்’ போன்றவற்றையும் சேர்த்துத் தேடுவது கட்டாயமாயிற்று. லத்தீன் அமெரிக்க இதழ்களுக்குச் சாவோ பாவ்லோவில் தொகுக்கப்படும் ‘லிலாக்ஸ்’, இந்திய இதழ்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ‘இண்ட்மெட்’ போன்றவை ஏன் தேவைப்பட்டன என்பதும் இதனால் விளங்கும். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களைக் கொண்டு தேடினார்கள் என்பதை அப்படியே எழுதி வெளியிடும் வழக்கம் பரவியது. 2009இல் வந்த ‘பிரிஸ்மா’ நெறிமுறை அதை உறுதிப்படுத்தியது.

ஒற்றைப் பெட்டியின் ஆதிக்கம்

செர்கே பிரினும் லாரி பேஜும் 1998இல் பிரிஸ்பேன் நகரில் நடந்த வலை மாநாட்டில் கூகுள் பற்றிய கட்டுரையை அளித்தார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள், எவ்வளவு மதிப்புள்ள பக்கங்கள் தொடுப்பு கொடுத்திருக்கின்றன என்பதைக் கொண்டு வரிசைப்படுத்தும் அவர்களுடைய முறைக்கு, மேற்கோள் அடைவின் சிந்தனையே முன்னோடி. விளம்பர வருவாயில் நடக்கும் தேடுபொறிகள் விளம்பரம் தருவோர் பக்கம் சாயக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதே கட்டுரையில் இருந்தது. அந்த அச்சம் வெற்று ஊகம் அல்ல. முதலிடத்துக்கு யார் அதிகப் பணம் தருகிறார்களோ அவர்களை முன்னிறுத்தும் ‘கோடு’ என்னும் பொறி அதே ஆண்டு வந்தது. பணம் பெற்றுக் காட்டும் முடிவுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002இல் தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுத நேர்ந்தது. 2000இல் விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுளும் பின்னாளில் பெருமளவு விளம்பர வருவாயையே சார்ந்தது.

கூகுளின் முடிவுகள் மற்றவற்றைவிடப் பொருத்தமாக இருந்ததால் போட்டியாளர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். நார்தர்ன் லைட் 2002இல் பொதுத் தேடலை நிறுத்தியது. ஆல்டாவிஸ்டா 2013இல் மூடப்பட்டது. யாகூ அடைவு 2014இல் முடிந்தது. தன்னார்வலர்கள் 1998 முதல் தொகுத்த திறந்த அடைவுத் திட்டம் 2017இல் நின்றது. மனிதர் படித்துப் பார்த்துத் தொகுக்கும் மரபு இவற்றோடு பெருமளவு தேய்ந்தது. தேடல் எளிதானது, எதில் தேடுவது என்ற கேள்வியே எழாத தலைமுறை வளர்ந்தது.

ஆய்வுலகில் மட்டும் தேர்வு உயிரோடு இருந்தது. 2004 நவம்பரில் அனுராக் ஆச்சார்யாவும் அலெக்ஸ் வெர்ஸ்டாக்கும் உருவாக்கிய கூகுள் ஸ்காலர் திறக்கப்பட்டது. எல்செவியர் பதிப்பகத்தின் ‘ஸ்கோபஸ்’ வந்ததும் அதே மாதம்தான். இரண்டும் எதிரெதிரான இரண்டு அணுகுமுறைகள். ஸ்கோபஸில் எந்த இதழ்கள் உண்டு என்ற பட்டியல் வெளிப்படை, சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு குழு தீர்மானிக்கிறது, கட்டணமும் உண்டு. கூகுள் ஸ்காலர் இலவசம். ஆய்வேடுகள், நூல்கள், முன்வரைவுகள், ஆங்கிலம் அல்லாத மொழிகளின் கட்டுரைகள் என எட்டும் தூரம் பெரிது. ஆனால் எவையெல்லாம் உள்ளே இருக்கின்றன என்ற முழுப் பட்டியலை அது தருவதில்லை. தேடி எடுக்க ஸ்காலர் வசதியானது. தேடியதைப் பிறர் மறுபடி செய்து சரிபார்க்க வேண்டுமானால் துறைத் தரவுத்தளங்களே ஏற்றவை.

கட்டணம் கட்ட இயலாத நாடுகளுக்கும் கல்லூரிகளுக்கும் திறந்த கருவிகள் வந்தன. 1991இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய முன்வரைவுக் களஞ்சியம் ‘ஆர்கைவ்’, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் பிறந்த திறந்த இதழ்களின் அடைவு, ஜெர்மனியின் பீலஃபெல்டு பல்கலைக்கழக நூலகம் நடத்தும் ‘பேஸ்’, 2022இல் வந்த ‘ஓப்பன்அலெக்ஸ்’ ஆகியவை அவற்றுள் சில. மறைந்துபோன வலைப்பக்கங்களுக்கு 2001இல் திறந்த ‘வேபேக் மெஷின்’ இருக்கிறது. பெருநிறுவனக் கருவியும் நிலையானதல்ல என்பதற்கு, 2021 இறுதியில் நிறுத்தப்பட்ட மைக்ரோசாஃப்ட் அகடமிக் எடுத்துக்காட்டு.

தமிழ் ஆய்வின் கருவிகள்

தமிழில் சொல் தேடும் முயற்சி கணினிக்கு முன்பே வலுவாக இருந்தது. வ.அய். சுப்பிரமணியம் தயாரித்த புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு சொல் எந்தப் பாட்டில், எந்த அடியில் வருகிறது என்று இவற்றில் நொடியில் காணலாம்.

1998இல் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னுரையாக்கியது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதன் மின்நூலகம் பின்னர் பெருகியது. 2005 முதல் நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேகரித்துவருகிறது. 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல் அச்சுத் தமிழின் அரிய வாயில்.

ஆனால் தமிழ் உரைகள் நெடுங்காலம் தேடுபொறிகளுக்கு எட்டாமல் இருந்தன. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் கொண்டிருந்ததால், ஒன்றில் தட்டச்சிட்ட சொல்லை மற்றொன்றில் எழுதிய பக்கத்தில் காண முடியவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு குறியேற்றங்களை ஒழுங்குபடுத்த முயன்றது. பின்னர் ஒருங்குறி பரவியதும் தமிழ்த் தேடல் பொது வழக்காயிற்று. பழைய குறியேற்றத்தில் தங்கிவிட்ட பக்கங்கள் இன்றும் தேடலுக்கு அகப்படுவதில்லை. சொல் வேற்றுமை உருபேற்று மாறுவதும், புணர்ச்சியில் சேர்ந்துவிடுவதும் இன்னொரு தடை. ‘மரம்’ என்று தேடும் எளிய கருவி ‘மரத்தில்’ என்பதைத் தவறவிடும். படமாக வருடிய நூல்களில் எழுத்துணரி செய்யும் பிழைகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே தமிழாய்வாளர் ஒரு சொல்லின் பல வடிவங்களை இட்டுத் தேடுவதும், பொதுத் தேடுபொறியோடு நிற்காமல் மின்நூலகங்களுக்குள் நேராக நுழைந்து தேடுவதும், அச்சுச் சொல்லடைவை அருகில் வைத்துக்கொள்வதும் தேவையாகவே இருக்கின்றன.

விடை எழுதும் கருவிகள்

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபின், தேடலின் இயல்பே மாறத் தொடங்கியது. முந்தைய கருவிகள் ஆவணங்களைக் காட்டின; இவை விடையையே எழுதித் தருகின்றன. அடைவோடு இணைக்கப்படாத மொழி மாதிரி, எழுத்தின் போக்கைக் கொண்டு சொற்களை அடுக்குவது. இல்லாத கட்டுரைக்கும் பொருத்தமான தலைப்பையும் ஆசிரியரையும் அதனால் அமைத்துவிட முடியும். 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், இப்படி உண்டான போலித் தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. பிறகு வந்த கருவிகள் தேடுபொறியோடு இணைந்து மூலங்களையும் சுட்டுகின்றன. அப்போதும் சுட்டிய மூலத்தைத் திறந்து படிப்பது ஆய்வாளரின் வேலையே.

ஒன்றேமுக்கால் நூற்றாண்டு அனுபவம் தேர்வுக்கான சில கேள்விகளைத் திரட்டித் தந்திருக்கிறது. கருவிக்குள் எவை இருக்கின்றன, எந்த ஆண்டு முதல், எந்த மொழிகளில்? அவற்றைச் சேர்த்தது யார், எந்த அளவுகோலால்? முடிவுகள் எந்த அடிப்படையில் வரிசையாகின்றன, அதற்கான செலவை ஏற்பது யார்? அது தேடுவது தலைப்பையா, சுருக்கத்தையா, முழு உரையையா? இதே தேடலை இன்னொருவர் செய்தால் இதே முடிவு வருமா? விரைந்து ஒரு தகவலை அறிய ஒரு தேடுபொறி போதும். ஒரு துறையை அறியத் துறைத் தரவுத்தளமும் மேற்கோள் அடைவும் வேண்டும். உயிரையோ உரிமையையோ தொடும் முடிவுக்குப் பல தரவுத்தளங்களும், அவற்றுக்கு முந்தைய அச்சு அடைவுகளும், அவற்றை அறிந்த நூலகரும் சேர்ந்தே வேண்டும்.